பழைய குட்டி லேப்டாப்பில் புது ஓஎஸ்: எது ஏறும், எது ஏறாது, ஏன்?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு அப்போது எல்லாப் பக்கமிருந்தும் வந்த அறிவுரை, "லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், எந்தப் பழைய மெஷினிலும் ஓடும்" என்பதுதான். அதை நம்பி அலமாரியிலிருந்து 10 அங்குல நெட்புக்கை, அதாவது குட்டி லேப்டாப்பை, தூசி தட்டி எடுத்து, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் ஓஎஸ்ஸின் புத்தம் புதுப் பதிப்பைப் பென் டிரைவில் ஏற்றிப் பார்த்தவர்களில் பலருக்குக் கறுப்புத் திரைதான் மிச்சம். அதில் ஒரே ஒரு செய்தி. "இந்தக் கர்னலுக்கு எக்ஸ்86-64 சிபியூ வேண்டும், இங்கே இருப்பது ஐ686 சிபியூ" என்று அது ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நின்றுவிடும். கர்னல் என்பது ஓஎஸ்ஸின் மையப் பகுதி. எக்ஸ்86-64 என்றால் 64-பிட் ப்ராசசர், ஐ686 என்றால் பழைய 32-பிட் ப்ராசசர்.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10 முடிந்த அதே சில மாதங்களில் லினக்ஸ் பக்கமும் சில கதவுகள் மூடின. 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டெபியன் 13 என்ற லினக்ஸ் வகையில் 32-பிட் கணினிகளுக்கான இன்ஸ்டாலர் இல்லை. செப்டம்பரில் மோசில்லா, 32-பிட் லினக்ஸுக்கான ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் 144ஆம் பதிப்போடு முடிகிறது என்று அறிவித்தது. இவை எல்லாம் ஒரே காரணத்தால் நடந்தவை அல்ல. எந்தத் தடை எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தால், உங்கள் மெஷினுக்கு வழி இருக்கிறதா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

எந்தக் கணினிகளைப் பற்றிய பேச்சு இது

2007இல் ஆசுஸ் நிறுவனம் ஈ பிசி 701 என்ற 7 அங்குலக் கணினியை வெளியிட்டது. 512 எம்பி ரேம், 4 ஜிபி சேமிப்பு, உள்ளே லினக்ஸ். அது விற்ற வேகத்தைப் பார்த்து எல்லா நிறுவனங்களும் குட்டி லேப்டாப் செய்யத் தொடங்கின. 2008இல் இன்டெல் ஆட்டம் என்ற மலிவான ப்ராசசரைக் கொண்டுவர, 'நெட்புக்' என்ற வகையே உருவானது. 10 அங்குலத் திரை, 1 ஜிபி ரேம், விண்டோஸ் எக்ஸ்பி என்பதுதான் அதன் வழக்கமான அமைப்பு. சில ஆண்டுகளில் எக்ஸ்பி போய் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் வந்தது. 2014 வாக்கில் கீபோர்டைக் கழற்றி டேப்லெட்டாகவும் பயன்படுத்தும் வகை வந்தது. அதில் 2 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பு. வீடுகளில் இன்றும் கிடப்பவை பெரும்பாலும் இவைதான்.

2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்புகளை இந்தக் கூட்டத்தில் சேர்க்க வேண்டாம். அவை முழு அளவு லேப்டாப்புகள், ப்ராசசரும் வேறு வகை. ஆனால் கீழே வரும் சோதனை அவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

"ஏறவில்லை" என்பதில் மூன்று வகை

புது ஓஎஸ் ஏறாமல் போவதற்கு மூன்று விதமான தடைகள் உண்டு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல மெஷின்கள் குப்பைக்குப் போகின்றன. நடக்காத மெஷினில் நாள் கணக்கில் மல்லுக்கட்டுவதும் இதனால்தான்.

1. நிறுவனம் வைத்த தடை. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய 8ஆம் தலைமுறை ப்ராசசர் முதல், 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு வேண்டும் என்பவை மைக்ரோசாஃப்ட் வகுத்த விதிகள். 6ஆம் தலைமுறை ஐ5 ப்ராசசரால் விண்டோஸ் 11ஐ ஓட்ட முடியாது என்பதல்ல பொருள், ஓட்ட அனுமதி இல்லை என்பதுதான். ரூஃபஸ் போன்ற, இன்ஸ்டால் பென் டிரைவ் தயாரிக்கும் கருவிகள் இந்தச் சோதனையைத் தாண்டவைப்பது அதனால்தான் சாத்தியமாகிறது.

2. சிலிக்கனிலேயே இருக்கும் தடை. ப்ராசசருக்கு ஒரு கட்டளை தெரியாது என்றால் அதைக் கற்றுக்கொடுக்க எந்த மென்பொருளாலும் முடியாது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்கு பாப்கவுன்ட், எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைகள் கட்டாயம். இவை இல்லாத பழைய இன்டெல் ப்ராசசரான கோர் 2 டுவோவில், முந்தைய பதிப்புகளைக் குறுக்கு வழியில் ஏற்றி ஓட்டியவர்களுக்கும் இந்தப் பதிப்பு பூட்டே ஆகவில்லை. 64-பிட் ஓஎஸ்ஸை 32-பிட் ப்ராசசர் மறுப்பதும் இதே வகைதான்.

3. டிரைவர் (ஒரு பாகத்தை ஓஎஸ் இயக்க உதவும் மென்பொருள்) இல்லாத தடை. ஓஎஸ் ஏறும், ஆனால் திரை தடுமாறும், வைஃபை வராது, சத்தம் கேட்காது. இங்கே ப்ராசசர் மேல் குற்றமில்லை. அந்தப் பாகத்துக்கு டிரைவர் எழுதிப் பராமரிக்க யாரும் இல்லை.

முதல் வகையைத் தாண்டலாம். மூன்றாவதைச் சில நேரம் சமாளிக்கலாம். இரண்டாவதோடு மோதுவது வீண், அங்கே வேறு ஓஎஸ்தான் தேட வேண்டும்.

32-பிட், 64-பிட்: வேறுபாடு எங்கே இருக்கிறது

ப்ராசசருக்குள் ரெஜிஸ்டர் என்ற சிறு பெட்டகங்கள் உண்டு. கணக்கிடும் எண்ணும், ரேமில் எந்த இடத்தைப் படிக்க வேண்டும் என்ற முகவரியும் அவற்றில்தான் நிற்கும். 32-பிட் ப்ராசசரில் அந்த முகவரியின் நீளம் 32 பிட், அதாவது 0 அல்லது 1 என்ற 32 இலக்கம். அதனால் ஒரு நிரல் ஒரே நேரத்தில் 4 ஜிபிக்கு மேல் நினைவகத்தைக் கண்ணால் பார்க்கவே முடியாது. 64-பிட் ப்ராசசரில் பெட்டகமும் அகலம், கட்டளைகளும் கூடுதல். அது பழைய 32-பிட் கட்டளைகளையும் புரிந்துகொள்ளும். எதிர்த்திசையில் இது நடக்காது.

ஏஎம்டி தன் 64-பிட் ப்ராசசர்களை 2003இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது, மறு ஆண்டில் இன்டெல்லும் பின்தொடர்ந்தது. அப்படியிருக்க, 2008இல் வந்த ஆட்டம் என்270இல் 64-பிட் இல்லை. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதே தலைமுறையில் மேசைக் கணினிக்கென்று வந்த ஆட்டம் 230இல் 64-பிட் இருந்தது. நெட்புக்குக்கு வந்த என்270இலும் என்280இலும் அதைத் தரவில்லை. அன்று 1 ஜிபி ரேமும் எக்ஸ்பியும் இருந்த மெஷினில் யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. இன்று அந்த மெஷின்களின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்த ஒரு முடிவுதான்.

அந்த ஒரு வரி

விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்தால் செட்டிங்ஸில் சிஸ்டம், பிறகு அபௌட் போங்கள். சிஸ்டம் டைப் என்ற வரியை முழுவதுமாகப் படியுங்கள். பாதியில் நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலானோர் செய்வது.

"32-பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்86-பேஸ்டு ப்ராசசர்" என்று இருந்தால் மெஷினே 32-பிட். "32-பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64-பேஸ்டு ப்ராசசர்" என்று இருந்தால் ஓஎஸ் மட்டும்தான் 32-பிட், உள்ளே இருப்பது 64-பிட் ப்ராசசர். ரேம் குறைவு என்பதால் அன்று நிறுவனமே 32-பிட் விண்டோஸைப் போட்டுக் கொடுத்த மெஷின்கள் இவை. முதல் பாதியைப் பார்த்துவிட்டு "இது 32-பிட், இனி உதவாது" என்று ஒதுக்கப்பட்டவை ஏராளம். இவற்றில் புது லினக்ஸ் ஏற வாய்ப்புண்டு.

விண்டோஸ் 10 ஓடவில்லை என்றால், ஏதாவது ஒரு 32-பிட் லைவ் லினக்ஸை (டிஸ்க்கில் ஏற்றாமலே ஓடும் லினக்ஸை) பென் டிரைவிலிருந்து ஓட்டி, டெர்மினலில் எல்எஸ்சிபியூ என்ற கட்டளையைக் கொடுங்கள். ஆப்மோட் என்ற வரியில் 32-பிட், 64-பிட் இரண்டும் இருந்தால் ப்ராசசர் 64-பிட்.

மாடல் வாரியாகப் பார்த்தால்

ஆட்டம் என்270, என்280: 32-பிட் மட்டும். 2 ஜிபி ரேமுக்கு மேல் ஏறாது. கிராபிக்ஸ் இன்டெல்லின் சொந்தத் தயாரிப்பு என்பதால் லினக்ஸில் டிரைவர் தொல்லை குறைவு. 32-பிட் ஆதரவு தரும் லினக்ஸ்தான் ஒரே வழி.

ஆட்டம் இசட்520, இசட்530: இவையும் 32-பிட். இதோடு வந்த ஜிஎம்ஏ 500 கிராபிக்ஸ் இன்டெல்லின் சொந்தம் அல்ல, பவர்விஆர் என்ற வேறு வடிவமைப்பு. லினக்ஸில் திரை தெரியும், முப்பரிமாண வேகமாக்கம் கிடையாது. இந்த வகையில் நேரம் செலவழிக்காமல் இருப்பதே நல்லது.

ஆட்டம் என்450, என்455, என்570: 2010இல் வந்த தலைமுறை, 64-பிட் உண்டு. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் போட்டு விற்றதால் 32-பிட் என்றே பலர் நினைத்திருப்பார்கள். ரேமை 2 ஜிபியாக உயர்த்தி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால், டெபியன் 13இன் 64-பிட் பதிப்பையே மெல்லிய டெஸ்க்டாப்போடு ஓட்டலாம். நெட்புக்குகளில் முயற்சிக்குத் தகுந்த பலன் தருவது இந்தத் தலைமுறைதான்.

ஆட்டம் என்2600, என்2800: ப்ராசசர் 64-பிட்தான், ஆனால் கிராபிக்ஸ் மறுபடியும் பவர்விஆர். சில மெஷின்களில் கணினியை எழுப்பும் பயாஸிலேயே 64-பிட்டை அடைத்து வைத்திருப்பார்கள். என்450ஐவிடப் புதியது, ஆனாலும் அதைவிடத் தொல்லை தருவது. ஆண்டை மட்டும் பார்த்து முடிவெடுக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஆட்டம் இசட்3735எஃப்: 2014இன் டேப்லெட் வகை. இதன் சிக்கல் வினோதமானது. ப்ராசசர் 64-பிட், ஆனால் கணினியை எழுப்பும் யூஇஎஃப்ஐ என்ற ஃபர்ம்வேர் 32-பிட். பென் டிரைவில் 64-பிட் ஓஎஸ் மட்டும் இருந்தால் ஃபர்ம்வேருக்கு அது கண்ணிலேயே படாது. பூட் மெனுவில் பெயர்கூட வராது. பென் டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்து அதை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். 64-பிட் விண்டோஸுக்கு இந்தக் கலப்பு ஏற்பாடே தெரியாது. லினக்ஸ் கர்னல் 2014இல் வந்த 3.15 பதிப்பிலிருந்து இதற்கு வழி செய்திருக்கிறது. ஓஎஸ்ஸைத் தொடங்கிவைக்கும் 32-பிட் பூட்லோடர் கோப்பும் சேர்ந்திருக்கும் இன்ஸ்டாலரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், டெபியன் நெடுங்காலமாக இதை ஆதரிக்கிறது. உபுண்டு என்ற லினக்ஸ் குடும்பத்தின் வழக்கமான ஐஎஸ்ஓக்களில் (இன்ஸ்டால் கோப்புகளில்) அந்தக் கோப்பு இருக்காது. சேமிப்பு இஎம்எம்சி என்பதால் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், மாற்ற முடியாது.

டெபியன் ஏன் கைவிட்டது

"லினக்ஸ்கூட இப்படிச் செய்யலாமா" என்ற வருத்தம் நியாயமானதுதான், ஆனால் இதை வணிக நோக்கம் என்று சொல்ல முடியாது. டெபியனைத் தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். ஒரு வகை ப்ராசசரை ஆதரிப்பது என்றால் பல்லாயிரம் மென்பொருள் தொகுப்புகளை அதற்கென்று தனியாகக் கம்பைல் செய்து (ப்ராசசர் புரிந்துகொள்ளும் வடிவத்துக்கு மாற்றி), சோதித்து, ஒவ்வொரு பாதுகாப்பு ஓட்டையையும் தனியாக அடைக்க வேண்டும். பிரவுசர் போன்ற பெரிய மென்பொருளைக் கம்பைல் செய்து இணைக்கும் கட்டத்தில் நினைவகத் தேவை 4 ஜிபியைத் தாண்டிவிடும். 32-பிட் முகவரி எல்லைக்குள் அந்த வேலை அடங்காது.

ஆனாலும் டெபியன் 13இல் 32-பிட் முழுவதுமாக நீக்கப்படவில்லை, அதன் வேலை மாறியிருக்கிறது. 64-பிட் ப்ராசசரில் பழைய 32-பிட் நிரல்களை ஓட்டுவதற்கு மட்டும் அந்தத் தொகுப்புகள் இருக்கின்றன. தனிக் கர்னலும் இன்ஸ்டாலரும் போய்விட்டன. இன்னொரு தடயமும் இதைக் காட்டுகிறது. 32-பிட் நேர எண்ணிக்கை 2038 ஜனவரி 19 அன்று நிரம்பி வழியும். மற்ற 32-பிட் வகைகளை டெபியன் 13இல் 64-பிட் நேரத்துக்கு மாற்றிய டெபியன் குழு, இன்டெல், ஏஎம்டி ப்ராசசர்களுக்கான இந்த 32-பிட் வகையை மட்டும் மாற்றாமல் விட்டது. பழைய நிரல்கள் உடையாமல் ஓட வேண்டும் என்பதுதான் இனி அதன் பயன் என்பதால்.

நடைமுறையில் இதன் பொருள்: டெபியன் 12 ஓடும் 32-பிட் நெட்புக்கை 13க்கு அப்கிரேட் செய்யாதீர்கள். வெளியீட்டுக் குறிப்பே இதைத் தெளிவாகச் சொல்கிறது. உபுண்டு 2019இலேயே 32-பிட்டை விட்டுவிட்டது. லினக்ஸ் மின்ட்டின் டெபியன் பதிப்பும் 2025இல் வந்த 7ஆம் பதிப்போடு 64-பிட்டுக்கு மட்டும் என்றாகிவிட்டது.

32-பிட் மெஷினுக்கு மிச்சமிருப்பவற்றில் டெபியன் 12, அதை அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23 இரண்டும் எளிதானவை. கட்டளை வரியில் பழக்கம் இருந்தால் ஆல்பைன் லினக்ஸ், வாய்ட் லினக்ஸ், நெட்பிஎஸ்டி ஆகியவையும் உண்டு.

ரேம், அதைவிட முக்கியமாகப் பிரவுசர்

"மிக லேசான ஓஎஸ் எது" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஐஸ்டபிள்யூஎம் போன்ற மெல்லிய விண்டோ மேனேஜரோடு (திரையில் ஜன்னல்களை நிர்வகிக்கும் மென்பொருளோடு) வரும் லினக்ஸ், 1 ஜிபி ரேமில் பெரும்பகுதியை மிச்சம் வைத்தே எழுந்து நிற்கும். பிறகு ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து ஒரு வங்கித் தளத்துக்கோ செய்தித் தளத்துக்கோ போனால் அந்த மிச்சம் கரைந்துவிடும். மெஷினை மண்டியிட வைப்பது ஓஎஸ் அல்ல, இன்றைய இணையப் பக்கங்கள் கொண்டுவந்து இறக்கும் ஜாவாஸ்கிரிப்ட் சுமை. அதனால் ஓஎஸ்ஸில் 50 எம்பி மிச்சம் பிடிக்க அலைவதைவிட 1 ஜிபி ரேம் சில்லைக் கழற்றி 2 ஜிபி போடுவது பல மடங்கு பயன் தரும். நெட்புக்குகளில் பெரும்பாலும் ஒரே ரேம் ஸ்லாட்தான். என்270இல் டிடிஆர்2, என்455இல் டிடிஆர்3 என்று மாறும், வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இசட்ரேம். ரேமின் ஒரு பகுதியைச் சுருக்கி வைத்து, அதிக இடம் இருப்பதுபோல் பயன்படுத்தும் லினக்ஸ் வசதி இது. ப்ராசசருக்குக் கொஞ்சம் வேலை கூடும். ஆனாலும் ரேம் நிரம்பி ஹார்ட் டிஸ்க்கில் எழுதிப் படிக்கும் தவிப்பைவிட இது எவ்வளவோ மேல்.

போடும் வேலை

1. ஃபைல்களைக் காப்பி எடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் இன்ஸ்டாலேஷன் நடுவிலேயே உயிரை விடக்கூடும்.

2. லைவ் முறையில் முதலில் ஓட்டுங்கள். திரை, வைஃபை, சத்தம், டச்பேட் நான்கையும் அதிலேயே சோதித்துவிடலாம். மூன்றாம் வகைத் தடை இருந்தால் டிஸ்க்கில் கை வைக்கும் முன்பே தெரிந்துவிடும்.

3. இணையத்துக்கு ஈதர்நெட் கேபிளைத் தயாராக வைத்திருங்கள். டெபியன் 12 முதல் வைஃபைக்கான ஃபர்ம்வேர்கள் இன்ஸ்டாலரோடு சேர்ந்தே வருகின்றன, ஆனால் நெட்புக்குகள் சிலவற்றில் இருக்கும் பிராட்காம் வைஃபை சில்லுகளுக்குத் தனியாக டவுன்லோடு செய்ய வேண்டியிருக்கும். வைஃபை வர இணையம் வேண்டும், இணையம் வர வைஃபை வேண்டும் என்று மாட்டிக்கொள்வது இங்கேதான். கேபிள் இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பியில் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் போதும். கணினி அதைக் கேபிள் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

4. திரையின் உயரம் 600 பிக்சல்தான் என்பதை நினைவில் வையுங்கள். பல ஜன்னல்களின் ஓகே பட்டன் திரைக்குக் கீழே போய்விடும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு ஜன்னலின் எந்த இடத்தையாவது மவுஸால் பிடித்து மேலே இழுத்தால் அது வெளிப்படும்.

5. டெஸ்க்டாப் கேட்கும் இடத்தில் கனமான க்னோமைத் தவிர்த்து, லேசான எல்எக்ஸ்கியூட்டி அல்லது எல்எக்ஸ்டிஇ தேர்ந்தெடுங்கள்.

6. தமிழ் எழுத்துருவை உடனே போட்டுவிடுங்கள். இடம் மிச்சம் பிடிக்கும் லினக்ஸ்களில் தமிழ் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரியும். லோஹித் தமிழோ நோட்டோ சான்ஸ் தமிழோ ஒன்று போதும். தட்டச்சுக்கு ஐபஸ்ஸும் அதோடு எம்17என் தொகுப்பும் சேர்த்தால் தமிழ்99 கிடைக்கும்.

எவ்வளவு காலம் தாங்கும்

ஓஎஸ் ஏறிவிட்டது என்பதோடு பேச்சு முடியவில்லை. பாதுகாப்பு அப்டேட் வராத ஓஎஸ்ஸோடு இணையத்தில் இருப்பதுதான் விண்டோஸ் 10ஐ மாற்றச் சொன்னதற்கே காரணம். அதே குறையுள்ள பழைய லினக்ஸைத் தேடிப் போடுவதில் எந்த அர்த்தமும் இல்லை. வேகமாக ஓடுகிறது என்பதற்காக உபுண்டு 12.04 போன்றவற்றைப் பரிந்துரைக்கும் அறிவுரைகளை நம்பாதீர்கள்.

64-பிட் நெட்புக்குக்கு டெபியன் 13 போட்டால் கவலையில்லாத ஆண்டுகள் சில கையில் இருக்கும். 32-பிட் மெஷினில் டெபியன் 12க்கு வழக்கமான ஆதரவு 2026 ஜூன் வரை, நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. ஆனால் பிரவுசருக்கான கெடு அதற்கு முன்பே வருகிறது. 32-பிட் லினக்ஸுக்கு ஃபயர்ஃபாக்ஸின் 140 இஎஸ்ஆர் (நீட்டித்த ஆதரவுள்ள) பதிப்பை மட்டும் குறைந்தது 2026 செப்டம்பர் வரை தருவதாக மோசில்லா சொல்லியிருக்கிறது. குரோம் 32-பிட் லினக்ஸை 2016இலேயே விட்டுவிட்டது. எனவே என்270 மெஷினை வங்கி, ஆதார், மின்னஞ்சல் வேலைகளுக்கு நம்பியிருக்க வேண்டாம். குழந்தைகள் தட்டச்சுப் பழக, பாட்டு கேட்க, பிடிஎஃப் படிக்க, வீட்டு நெட்வொர்க்குக்குள் ஃபைல் சர்வராக வைக்க அது இன்னும் நன்றாகவே உதவும்.

விண்டோஸ் 10இலேயே இருந்தாக வேண்டியவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால் கட்டணமின்றியே அதில் சேரலாம். மாற்று ஏற்பாட்டுக்கான அவகாசமாக மட்டுமே அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

பேட்டரி உப்பியிருந்தால் மேற்சொன்ன எதையும் தொடங்கும் முன் அதைக் கழற்றிவிடுங்கள். ஆரம்பகால நெட்புக்குகளில் பேட்டரி பெரும்பாலும் வெளியிலிருந்தே கழலும். அடாப்டரை மட்டும் செருகினாலும் மெஷின் ஓடும். கழற்றியதைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.